இதர

சிலிண்டரை ஊஞ்சலில் உட்காரவைக்காதீர்கள் என்று
முதலில் வாயால்தான் சொன்னேன்.
சிரித்தார்கள்.
பதினான்கு கிலோ அலுமினியம்,
ஆறு வயதுக்குப் போட்ட சங்கிலி.
பிறகுதான் பலகை வந்தது.

அரியமான் பூங்காவில் எனக்குக் கொடுத்திருப்பது
ஒரு விசில், ஒரு ரசீதுப் புத்தகம்,
சவுக்குத் தோப்பு முடிகிற இடம் வரை அதிகாரம்.
அதற்கு அப்பால் தண்ணீர்.
தண்ணீருக்கு வேறு இலாகா.

சனிக்கிழமை விடியுமுன்னே வேன்கள் வந்துவிடும்.
காற்று நிரப்பும் இயந்திரம்
பந்தாடும் பிள்ளைகளின் கூச்சலைத் தின்றுவிடும்.
குடிதண்ணீர்க் குழாயில் கறுப்பு உடைகளை அலசி
பெஞ்சு நெடுகக் காயப்போடுவார்கள்.
தலையில்லாத ஒன்பது பேர்
வெயிலில் மல்லாந்து கிடப்பதுபோல் இருக்கும்.
கீழக்கரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று
பிரியாணிச் சட்டியை மடியில் வைத்தே தின்றுவிட்டுப் போனது.

ரெக்ஸன் நல்ல வாத்தியார்தான்.
விரலை வளைத்து வட்டம் போட்டால் நலம்,
கட்டைவிரல் உயர்ந்தால் மேலே போகணும் என்று
மணலில் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பான்.
கரையேறிய பிள்ளைகள் எனக்கும் கட்டைவிரலைக் காட்டுகிறார்கள்.
நன்றி என்கிறார்களா, மேலே போ என்கிறார்களா,
இன்னும் பிடிபடவில்லை.

பேசி முடித்தோம்.
ஒரு வாத்தியாருக்கு ஆறு பேர்.
எட்டு மணிக்குமேல் இயந்திரம் ஓடக்கூடாது.
தாழையில் காலூன்றக்கூடாது, சங்கைத் தூக்கிப் படம் எடுக்கக்கூடாது.
ஆவுளியா மேய்கிற இடத்தைச் சொன்னால்
அன்று மாலையே அங்கே பத்துப் படகு நிற்கும்,
அதனால் அதைப் பலகையில் எழுதவில்லை.
வகுப்பு ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
"கடல் என்ன உங்க பஞ்சாயத்துதா?" என்றான்.
"கடல் இல்ல தம்பி.
கக்கூசு எங்களுது. குழாய் எங்களுது. ஊஞ்சல் எங்களுது."
கட்டினான்.

பலகையின் கடைசி வரி அலுவலகத்தில் யாரோ எழுதியது:
பணத்துக்காக நீரில் மூழ்குவோர் அனைவரும்
முன் அனுமதி பெற வேண்டும்.

நம்புராணி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
தலையில் சொட்டும் பாசிச் சாக்கு,
விரல்களில் சுற்றிய துணி,
காலில் கட்டி நீந்துகிற தகரத்தட்டு இடுப்பில்.
"பணத்துக்கு முங்குறது நாங்கதானே சார்?
இவுக பணங்குடுத்துல்ல முங்குறாக."

பதில் இல்லை. நீலப் பெயிண்டு மிச்சம் இருந்தது.
அந்த வரியை அழித்துவிடுகிறேன் என்றேன்.

"அழிக்காதீக. எனக்கு ஒரு சீட்டுப் போடுங்க."

மண்டபத்துப் பக்கம் தீவுக்குப் போனால் மறிக்கிறார்களாம்.
யார் நீ, எதற்கு வந்தாய், சாக்கைக் கொட்டு.
கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு
எதை எடுத்துக் காட்டுவது?
இது அங்கே செல்லாதே என்றேன்.
"செல்லாட்டிப் போகுது. பேரு இருக்கும்ல, சீலு இருக்கும்ல."

ரசீதில் உள்ள கட்டங்கள்:
பயிற்சி நிறுவனம், வாகனம், படப்பிடிப்பு, பிறந்தநாள் விழா,
இதர.
இதரவில் எழுதினேன். நபர்: ஒன்று. சிலிண்டர்: இல்லை.
மூச்சு என்று எழுதப்போய்
கட்டம் இல்லாததால் விட்டேன்.
பத்து ரூபாய்.
கார்பன் தெரிகிற மாதிரி அழுத்தி எழுதச் சொன்னாள்.
பால் பாக்கெட் உறையில் மடித்துக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் பதினேழு பேர் வந்தார்கள்.

"அவங்களுக்குப் பத்து, எங்களுக்கு ஆயிரத்து ஐந்நூறா?"
அவர்கள் குழாயைத் தொட்டதில்லை என்றேன்.
ரெக்ஸன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான்.
பிறகு தன் பிள்ளைகளைக் கரையில் உட்காரவைத்தான்,
அந்தப் பதினெட்டுத் தலையும் மேலே வரும்வரை.
கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்த பையன் ஒருவன்
பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

தணிக்கையில் கேட்டிருக்கிறார்கள்:
இதர வருமானம் நூற்று எண்பது, விவரம் தருக.
மூன்று நாளாக எழுதி எழுதி அடிக்கிறேன்.
இதற்கிடையில் ஊஞ்சலின் கொக்கி ஒன்று அறுந்துவிட்டது.
மறுபடி சிலிண்டரை உட்காரவைத்திருக்கிறார்கள்,
இல்லையென்றால் பாசி மூட்டையை.
கொக்கி ஒன்று, சங்கிலி இரண்டடி என்று
அதே தாளின் அடியில் கேட்டு எழுதியிருக்கிறேன்.